ஆம் என்றால் ஒரு முறை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாயிருக்க வேண்டுமென்று கர்த்தரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இன்று ஆறாவது நாள். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. நேற்றிலிருந்து மூச்சில் விசில் சத்தம். இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்கிறார் டாக்டர். காது மட்டும் கேட்கிறது. ஆம் என்றால் ஒரு முறை, இல்லை என்றால் இரண்டு முறை கண் சிமிட்டும்படி நர்ஸ் பழக்கியிருக்கிறாள். ஊசிக்கு இரண்டு, போர்வைக்கு இரண்டு. எதுக்குத்தான் அங்கிள் ஆமாம்னு சொல்லுவீங்க, இன்னும் பஸ் ஓட்டுற நெனப்பா, ஹாரன் அடிச்சா எல்லாரும் ஒதுங்கணுமா என்று அவள் கேலி செய்ய, ஒரு முறை சிமிட்டினார். சிரித்துவிட்டேன்.

இன்று காலை போதகர் வந்தார். பாவங்களுக்காக வருந்துறீங்களா என்று கேட்டார். ஒரு சிமிட்டல். எனக்கு அது போதவில்லை. எந்தப் பாவம்? மொத்தமாக வருந்துவது யாருக்கும் எளிது. நான் குனிந்து, சிக்னல்ல சைக்கிள்காரர் உங்க பஸ்ல அடிபட்டுச் செத்தாரே, அன்னைக்குச் சிவப்பு எரிஞ்சுதுன்னு நம்ம பையன் சொன்னது உண்மைதானே, அவனைப் பொய்யன்னு துரத்தினது தப்புதானே என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். திறக்கவில்லை. சொல்லிட்டுப் போங்க என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். நர்ஸ் என் கையை விலக்கினாள். இயேசுகூடச் சிலுவையில் தொங்கின கள்ளனும் கடைசி நேரத்துலதாம்மா மன்னிப்பு கேட்டான், கிடைச்சுதே என்றார் போதகர். அவனுக்கு நாக்கு இருந்துச்சே ஐயா என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. உங்களுக்கு இருக்கேம்மா, நீங்க பேசுங்க என்றார்.

அவர் ஜெபத்தைத்தான் சொன்னார். எனக்கு வேறு இடத்தில் பட்டது.

தம்பி, அன்று பஸ்ஸில் நான் உன் பக்கத்து சீட்டில் இருந்தேன். கோர்ட்டில், தூங்கிவிட்டேன் என்றேன். தூங்கவில்லை. சிவப்பைப் பார்த்தேன். அப்பா பிரேக்கை மிதிக்காததையும் பார்த்தேன். அவர் ஜெயிலுக்குப் போய்விடுவார் என்ற பயம். சாட்சிக் கூண்டிலிருந்து நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். நான் கைப்பையில் எதையோ தேடினேன். உன் ஒருவன் சொல் நிற்கவில்லை. பத்து வருஷமாக நீதான் பொய்யன்.

இதை எல்லார் முன்னாலும் அவர் காதில் சொன்னேன். மூடிய கண்ணோரம் ஈரம் வந்தது. சும்மாவும் வரும்மா என்றாள் நர்ஸ். இருக்கலாம். அது என்ன ஈரமென்று ஆண்டவருக்குத் தெரியும். இனி உலுக்க மாட்டேன். சைக்கிள்காரர் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன் உன்னிடம். என்னை மன்னித்துவிடு.

கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. போனை அவர் தலையணையில் வைத்திருக்கிறேன். அவரை மன்னித்ததாக நீ சொல்ல வேண்டுமென்று கேட்கவில்லை. திட்டினாலும் கேட்டுக்கொள்வார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. சீக்கிரம் கூப்பிடு.

உன்
அம்மா