காது அறுத்த பன்றிகள்

ஆராய்ச்சிச் சாலை முகாம்
9-1-1944

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி நாகன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கடிதம் போட்டும் பதில் போடாத அக்காள் மேல் கோபம் மட்டும் நிறைய இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி வாத்தியார் வீட்டில் சாணி அள்ளிக்கொண்டே என் பாடத்தையெல்லாம் கேட்டு, என்னைவிடத் திருத்தமாக எழுதப் பழகியவள் நீ. எழுத வரவில்லை என்ற சாக்கு என்னிடம் செல்லாது.

இங்கே பட்டாளத்துக்கு வளர்க்கும் பன்றிகள் கொட்டில் கொட்டிலாகச் சாகின்றன. நம் மலையில் வருமே, காய்ச்சல் கண்டு, கழிந்து, காது கறுத்துச் சாகிற நோய், அதேதான். பூதக்கண்ணாடிக்கும் தெரியாத கிருமியாம். பீங்கான் வடிகட்டியில் ஊற்றினாலும் தங்காமல் இறங்கிவிடுகிறது. வைரஸ் என்கிறார்கள். நோய் வந்து பிழைத்த பன்றிக்கு மறுபடி அது வராது. அதன் ரத்தத்தை உறையவிட்டால் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரில் அந்தச் சக்தி இருக்கிறது. அதற்கு சீரம் என்று பெயர். இங்கே பிழைத்த பன்றி ஒன்றுகூட இல்லாமல் எங்கள் டாக்டர் குப்புராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான்தான் சொன்னேன்: "எங்கள் சித்தேரியில் பிழைத்த பன்றிக்கு இடது காது நுனியை அறுத்து ஆத்தாளுக்கு விட்டுவிடுவோம். பார்த்தவுடன் தெரியும்." மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஆறு பன்றி வேண்டும். ஊர்க்கவுண்டரிடம் சொல்லி மாமாவோடு கீழே அனுப்பி வை. இது நடந்தால் என்னைக் கம்பவுண்டராக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் தம்பி,
நாகன்

சித்தேரி
2-2-1944

தம்பி நாகனுக்கு அக்காள் சின்னக்கண்ணு எழுதுவது.

கேட்டாயே பதில், இந்தா வாங்கிக்கொள். உனக்கு மூளை கலங்கிவிட்டதா? ஆத்தாளுக்கு விட்ட பன்றியை அறுப்பதில்லை, விற்பதில்லை, அடிவாரத்து ஓடையைத் தாண்ட விடுவதில்லை. தானாகச் செத்தால் குழி தோண்டிப் புதைக்கிறோம். இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே ஓர் அந்நியனிடம் போய் எண்ணிக்கை சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

இருந்தாலும் உனக்காகப் பச்சியப்பக் கவுண்டரிடம் போய்க் கேட்டேன். கேட்டதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஆத்தா உசுர் குடுத்து வுட்ட பன்னிய ஊசி குத்த அனுப்பச் சொல்றானா உன் தம்பி? நாலெழுத்துப் படிச்சா இப்பிடித்தான் ஆவுமா? இனி இந்தப் பேச்சோட என் வூட்டுப் பக்கம் வராதீங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை உனக்குத் தபாலில் அனுப்ப முடியவில்லையே என்றிருந்தது.

உங்கள் டாக்டர் அத்தனை படித்தவராக இருந்தால் ஒன்று கேட்டுச் சொல். காது அறுத்த தாயிடம் பால் குடிக்கிற குட்டிக்கு அந்த நோய் வருவதில்லை. பால் மறந்து இரண்டு மாதம் போனால் வருகிறது. நான் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். ஏன் என்று அவருக்குத் தெரியுமா? பன்றியைத்தான் அனுப்ப முடியாது. இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
சின்னக்கண்ணு

முகாம்
20-2-1944

அக்காளுக்கு,

உன் கேள்வியை டாக்டரிடம் சொன்னேன். மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். "உன் அக்காளைத்தான் நான் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்" என்றார். சரி, சந்தோஷப்பட்டுக்கொள். அடுத்த கேள்வியாக "பன்றி எங்கே?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நிற்கிறேன். மலைக்காரன் வாய்ச்சொல் இவ்வளவுதான் என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். கவுண்டருக்கு ஆத்தாள் பெரிசு, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு நோய் மலையேறினால் ஊர்ப்பன்றி முழுவதும் போகும். அப்போது அவர் வந்து குட்டி போடுவாரா? நீயாவது எனக்காக நிற்பாய் என்று நினைத்தேன். கூடப்பிறந்தவளே சிரித்தவர்களோடு சேர்ந்துகொண்டால் நான் யாரிடம் போவது? வருகிற மாதத்துக்குள் பன்றி வராவிட்டால் எனக்கு இங்கே வேலை கிடையாது. மலைக்கும் வரமாட்டேன். எங்கே போவேன் என்று கேட்காதே.

நாகன்

சித்தேரி
18-3-1944

தம்பிக்கு,

உன் மாமா காளியன் வெள்ளிக்கிழமை ஆறு பன்றிகளோடு பாப்பிரெட்டிப்பட்டி வந்து சேருவார். வண்டியோடு வந்து வாங்கிக்கொள். ஆறும் காது அறுத்தவை. எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார் என்று கேட்காதே. ஊரில் யாருக்கும் எழுதவும் எழுதாதே. இனி வேலை போகும், ஊரைவிட்டுப் போவேன் என்றெல்லாம் எழுதி என்னை மிரட்டாதே. இங்கே உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

சின்னக்கண்ணு

முகாம்
6-6-1944

என் அன்புள்ள அக்காளுக்கு,

இப்போது உன் தம்பி கம்பவுண்டர் நாகன். மாமாவிடமும் சொல். சீரம் தயாராகிவிட்டது. முறைப்படி என்றால் அந்த ஆறு பன்றிக்கும் நோய் ரத்தம் ஏற்றி, சாகாமல் நிற்கிறதா என்று மூன்று வாரம் பார்த்த பிறகுதான் சீரம் எடுக்க வேண்டும். நோய் பக்கத்து வத்தல்மலைக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்ததால் அவசரம். டாக்டர் தயங்கினார். "சோதனை வேண்டாம் ஐயா. எங்கள் மலையில் அந்தக் காதைப் பொய்யாக அறுக்கக் கை வராது. நான் பொறுப்பு" என்றேன். என் வார்த்தையை நம்பினார். எனக்கு அது போதும்.

ஆனி மாதக் கடைசியில் டாக்டரும் நானும் மலையேறுகிறோம். ஒரு தொடையில் கொஞ்சம் நோய் ரத்தம், மறு தொடையில் சீரம். இரண்டு நாள் சோர்ந்து படுத்து எழுந்துவிடும். பிறகு ஆயுசுக்கும் அந்த நோய் அண்டாது. சிரித்தவர்கள் முன்னால் நீ நிமிர்ந்து நட.

உன் தம்பி,
நாகன்

சித்தேரி
24-7-1944

நாகனுக்கு,

நாற்பத்து மூன்று. வத்தல்மலைச் சேதிக்குப் பயந்து ஊர் ஊசிக்குச் சம்மதித்தது. நீ போட்டுவிட்டுப் போன ஐந்தாம் நாள் சாவு தொடங்கியது. நேற்றுச் செல்லம்மாள் வீட்டுப் பன்றி கடைசியாகப் போனது. நோய் வருமுன் காப்பாற்ற வந்தவன், நோயை உன் கையாலேயே கொண்டுவந்து தொடையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய். புதைத்துப் புதைத்து உன் மாமாவின் கை கொப்பளித்துவிட்டது. நாற்றத்தில் குழந்தைகள் கூழ் குடிக்க மறுக்கிறார்கள். இந்த வருஷம் கல்யாணத்துக்கும் நோன்புக்கும் அறுக்க ஊரில் பன்றி இல்லை. மிஞ்சியது ஆத்தாளுக்கு விட்டவையும் அவற்றிடம் பால் குடிக்கிற குட்டிகளும்தான். அவற்றுக்கு ஊசி போடக் கவுண்டர் விடவில்லை அல்லவா?

ஊர் கூடியது. "பன்னியக் கொன்னவன் உன் தம்பி. அவன் ஓடை தாண்டி மலையேறுனா காலை ஒடிச்சுக் கீழ போடுவோம். சொல்லிப்புடு" என்றார் கவுண்டர். சொல்லிவிட்டேன். என்ன மருந்து படித்தாய் நீ? எந்தப் பாவி உனக்கு ஊசியைக் கையில் கொடுத்தான்?

சின்னக்கண்ணு

முகாம்
30-8-1944

அக்காளுக்கு,

உன் கடிதத்தை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். சோதிக்காமல் விட்டது தன் தப்பு என்று மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டார். பிறகு, அன்றைக்குச் செய்யாத சோதனையைச் செய்தார். நீ அனுப்பிய ஆறு பன்றிக்கும் நோய் ரத்தம் ஏற்றினோம். ஆறும் செத்தன. ஒருமுறை நோய் தாங்கிய பன்றி அப்படிச் சாகாது. அந்தப் பன்றிகள் ஆத்தாளுக்கு விட்டவை அல்ல. உன் கொட்டிலில் வளர்ந்தவை. காதை அறுத்தது யார் அக்கா?

கேட்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. "நான் பொறுப்பு" என்று மார் தட்டினேனே! என்னை இப்போது கொட்டில் கழுவ அனுப்பியிருக்கிறார்கள். அது போகட்டும். என்னிடமாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே, "இது பொய்யாக அறுத்த காது" என்று. ஒரே ஒரு வரி. நாற்பத்து மூன்று பன்றி பிழைத்திருக்கும்.

இனி நான் சொல்வதைக் கேள். ஊரில் வாயைத் திறக்காதே. பழி என்மேல் இருக்கட்டும். நான் கீழே இருக்கிறேன், எனக்கு மலை இல்லாமல் பிழைக்கத் தெரியும். உனக்குத் தெரியாது. இதுதான் என் கடைசிக் கடிதம். பதில் போடாதே.

நாகன்

சித்தேரி
27-9-1944

தம்பி நாகனுக்கு,

பதில் போடாதே என்று சொல்ல நீ யார்? நான்தான் அறுத்தேன். உன் மாமா பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன், மஞ்சள் வைத்துக் கட்டினேன். என் ஆறு பன்றியையும் உன் வேலைக்காகத் தூக்கிக் கொடுத்தேன். காதைப் பார்த்து டாக்டர் திருப்திப்படுவார், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதன் ரத்தம் நம் ஊருக்கே திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. இரண்டாவது பன்றி விழுந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் என்ன மருந்து படித்தாய் என்று உனக்கு எழுதினேன். உரக்கத் திட்டினால் எனக்குள் கேட்கிற குரல் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் வந்த கோபம் கொஞ்சமல்ல. என் தப்பைத் தூக்கிக்கொள்ள உன்னை யார் கூப்பிட்டது? நான் என்ன, உன் இடுப்பில் இருக்கிற பிள்ளையா? செவ்வாய்க்கிழமை ஊர் நடுவில் போய் நின்று சொல்லிவிட்டேன். "பொய்யா ஆத்தா பேருல காதை அறுத்தவ நானுங்க. என் தம்பிக்குத் தெரியாதுங்க" என்றேன். அதற்குக் கவுண்டர், "உன் வூட்டுக்கு இனி நெருப்பில்ல, தண்ணியில்ல. உன் வூட்டுல கை நனைச்சவனுக்கும் அதே கெதிதான்" என்றார். செல்லம்மாள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உன் மாமா தினமும் ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்.

உன்மேல் இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். நீ வரலாம். வந்தால் கவுண்டர் வீட்டில் சாப்பிடு, படுத்துக்கொள். என் வாசல் பக்கம் வராதே. நீ கடந்து போனால் நான் கூப்பிட மாட்டேன்.

இப்படிக்கு,
சின்னக்கண்ணு

பாப்பிரெட்டிப்பட்டி
12-10-1944

அக்காளுக்கு,

அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். விறகுக்காரரிடம் இதைக் கொடுத்து முன்னால் அனுப்புகிறேன். நான் நாளை ஏறி வருகிறேன்.

பன்றிகளை இங்கே வண்டியில் ஏற்றியபோதே பார்த்தேன். ஆறு காதிலும் தழும்பு சிவப்பாக, மாதம்கூட ஆகாததாக இருந்தது. பழைய அறுப்பு அப்படி இருக்காது என்று மலையில் பிறந்த எனக்குத் தெரியாதா? மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பவுண்டர் வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டுதான் டாக்டரிடம் "நான் பொறுப்பு" என்றேன். தெரிந்துகொண்டுதான் உன்னிடம் "யார் அறுத்தது" என்று நியாயம் கேட்டேன்.

என் தம்பிக்குத் தெரியாது என்று ஊர் நடுவில் நின்று சொன்னாயாமே. என்னைக் கேட்காமல் ஏன் சொன்னாய்? அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. அதைக் காகிதத்தில் எழுதித் தீர்க்கவும் முடியாது. நேரே கவுண்டரிடம் போய் என் பங்கைச் சொல்லிவிட்டு, உன் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் நின்று தடுக்காதே, சண்டை ஊருக்கே கேட்கும். களி கிண்டும்போது எனக்கும் சேர்த்துக் கிண்டு. பசியோடு வருவேன்.

நாகன்