துரைசாணி கொடுத்த பாட்டுப் பெட்டி

நவம்பர் 2, சனி

விடிந்ததிலிருந்து சாரல். கல்லறைத் திருநாள். கோயிலுக்குப் போகவில்லை. போய் யார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது? நம் சனம் ஒருவர்கூட இந்த மண்ணில் படுக்கவில்லை. தங்கச்சி பிலோ கிடப்பது கடலுக்கு அந்தப் பக்கம், சிலோனில். தந்தி வந்தது செப்டம்பரில், அடக்கம் முடிந்த பிறகு.

தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு பிளக். பல்பு யாருக்கு வேண்டும்? சிலோன் கப்பலிலிருந்து இறங்கிய நாளாய் நான் காத்திருந்தது பிளக்குக்கு. டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைக்குள் சுற்றி வைத்திருந்த பாட்டுப் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். அதன் தட்டைக் கம்பி இங்கத்து ஓட்டையில் நுழையவில்லை. லைன் இழுக்க வந்த ஆளைக் கெஞ்சி உருண்டைக் கம்பி மாட்டிக்கொண்டேன். ஒரே ஒரு ரிக்கார்டு. வைத்தேன். சொருகினேன்.

பேய் பிடித்த மாதிரி ஒரு சுற்று. கிரீச். புகை. லயத்தில் எல்லா வீட்டு பல்பும் அணைந்தது.

வெளியே ஒரு பொம்பளை: "சிலோன் சாமான் வந்து கரண்டையே தின்னுபுடுச்சு!" ஒரே சிரிப்பு.

இவர், என் வீட்டுக்காரர், வாசலில் நின்று: "அப்பவே சொன்னேன்ல? அவனவன் தையல் மிசின் கொண்டாந்தான். நீ ஆட்டம் பாட்டம் கொண்டாந்த."

இரவு சாப்பாடு போட்டேன். தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.


நவம்பர் 3, ஞாயிறு

மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. இவர் சட்டையை அடுப்புக்கு மேல் கட்டினேன், இப்போது புகை நாற்றம். அதற்கும் இவரிடம் ஒரு பாட்டு.

கல்யாணத்துக்கு முன் சிலோனில் நானும் பிலோவும் வேலைக்கு நின்ற பங்களா மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அணை வேலைக்கு வந்த அமெரிக்க எஞ்ஜினியர் துரை குடியிருந்தது. நான் குசினியில் சமையல், பிலோ ஆயா. அந்தக் குசினியில் இருந்தவை, மறந்துபோகும் முன் எழுதுகிறேன்:

திறந்தால் உள்ளே விளக்கு எரியும் ஐஸ் பெட்டி.
ரொட்டியைச் சுட்டுத் துள்ளவிடும் மிஷின். பிலோ ஒவ்வொரு தடவையும் பயப்படுவாள்.
சிவப்புக் கட்டம் போட்ட மேஜைத் துணி.
ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம், ஜன்னலில் ஆறும். பட்டை வாசம்.
அமெரிக்கப் பத்திரிகைகள். எல்லாப் படத்திலும் மஞ்சள் குசினி, சிரிக்கிற பொம்பளை. தரை துடைக்கும்போதுகூட குதி உயர்ந்த செருப்பு! "வழுக்கி விழுந்தா யாருக்கா தூக்குறது?" என்பாள் பிலோ.

சனிக்கிழமை சாயங்காலம் துரையும் துரைசாணியும் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு வெறும் சாக்ஸோடு ஆடுவார்கள். இந்தப் பக்கம் குசினியில் நாங்கள் இரண்டு பேரும் ஆடுவோம். பிலோ என் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு பாட்டு, ஒரு பொம்பளை பாடுவது, பிலோவுக்கு முழுக்க மனப்பாடம். அர்த்தம் ஒரு எழுத்து தெரியாது. கனத்த குரல் அவளுக்கு. ஒரு நாள் ரிக்கார்டை நிறுத்தச் சொல்லி துரைசாணி மேலிருந்து சத்தம் போட்டாள். ரிக்கார்டு ஓடவே இல்லை. பாடினது பிலோ.

ஊருக்குப் போகும்போது துரைசாணி பெட்டியை எங்களுக்கே கொடுத்துவிட்டாள். பிறகு குடியுரிமைக் காகிதத்தில் எனக்கு இந்தியா என்று எழுதினார்கள், பிலோவுக்கு அவள் புருஷனோடு சிலோன். "நீ கொண்டு போக்கா, எனக்குத்தான் ஊரே இருக்கே" என்றாள்.

எனக்குப் பயம் என்னவென்றால், பிலோவின் குரல் மறந்து வருகிறது. முகம் இருக்கிறது. குரலைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டால் வந்துவிடும். அதற்குத்தான் பெட்டி. ஆட்டத்துக்கு இல்லை. இதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்ல?

அது என் வீடும் இல்லை. எச்சில் தட்டு கழுவின வீடு. அதற்கு இப்படி ஏங்குகிறேனே என்று என் மேலேயே எரிச்சல்.


நவம்பர் 5, செவ்வாய்

பனி. கொழுந்து ஈரம், கூடை கனம். சனிக்கிழமைக்கு லீவு கேட்டேன். மேஸ்திரி: "ஏனுங்க, போன மாசந்தான எடுத்தீங்க?" போன மாதம் காய்ச்சல். காய்ச்சலும் லீவுக் கணக்கில்!

விரலில் வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.


நவம்பர் 9, சனி

லீவு போட்டேவிட்டேன். கட்டபெட்டில் பஸ் ஏறி குன்னூர். பெட்டி மடியில். கண்டக்டர்: "வெடிகுண்டாம்மா?" எல்லாருக்கும் நான்தான் தமாஷ்.

ஸ்டேஷனுக்கு மேலே ரேடியோ ரிப்பேர் கடை. கடைக்காரர் திறந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஏனுங்கம்மா, இது அமெரிக்காச் சாமானுங்க. அங்கத்த கரண்டு நம்ம கரண்டுல பாதிதானுங்க. நேராச் சொருகுனா வெந்துதான் போகும். இதோட ஒரு கனமான பெட்டி இருந்திருக்கோணுமே? கரண்டக் கொறச்சுக் குடுக்கிற பெட்டி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தது. கறுப்பாய், செங்கல் மாதிரி, இரும்பு கனம். பாட்டுப் பெட்டி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அது முக்காலி மாதிரி ஏதோ என்று நினைத்தோம். கப்பலுக்குச் சாமான் கட்டும்போது கனம் அதிகம் என்று இவர்தான் தூக்கி வெளியே வைத்தார். நானும் சரி என்றேன்.

அந்த இடத்தில் இவர் எதை வைத்துக் கட்டினார்? அம்மிக்கல்லை! சிலோன் அம்மி! இந்த மலை முழுக்கக் கல்தான். கடல் தாண்டிக் கல் சுமந்து வந்த சனம் எங்களை விட்டால் யார்?

வேறு மோட்டார் கிடைத்தால் போடுகிறேன் என்றார் கடைக்காரர். அடுத்த சனி வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சண்டை. "அம்மியில அரைச்சதத் தின்னு நல்லாத்தான இருக்க?" என்கிறார். அந்த அம்மியிலேயே மிளகாய் அரைத்தேன். கை எரிந்தது.


நவம்பர் 13, புதன்

தலைவலி. மழை. எழுத ஒன்றுமில்லை. பிலோ "அக்கா" என்று கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று கொழுந்து எடுக்கையில் முயற்சி செய்தேன். என் குரல்தான் வந்தது.


நவம்பர் 16, சனி

மறுபடி லீவு. மேஸ்திரி முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மோட்டார் போட்டாயிற்று. ரிக்கார்டை வைத்தார். சுற்றியது. புகை இல்லை. பாட்டு வந்தது.

வேறு யாரோ பாடினாள்.

வார்த்தை அதே, மெட்டு அதே. ஆனால் கீச்சுக் குரலில் சின்னப் பெண் ஒருத்தி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி பாடுகிறாள்.

"கெடுத்துட்டீங்களே!" என்றேன்.

"கெடுக்கலீங்க. இப்பத்தான் சரியா ஓடுது. அந்த மோட்டாரு அவங்கூரு கரண்டுக்குச் செஞ்சதுங்க. நம்ம கரண்டுலயும் சிலோன் கரண்டுலயும் வேகம் கொறைஞ்சுரும். அந்தக் கொறைக்கிற பெட்டிய வெச்சாலும் வேகம் ஏறாதுங்க. நீங்க அங்க கேட்டதெல்லாம் இழுத்துப் பாடுனதுதான். இதுதானுங்க நெசமான பாட்டு."

எனக்கு நிஜமான பாட்டு எதற்கு ஐயா? அவரிடம் சொல்லவில்லை. பழைய மோட்டாரைத் திருப்பிப் போடுங்கள் என்றால், அது வெந்து கருகிக் கிடக்கிறது. குப்பையில் காட்டினார்.

அப்போ அந்தத் துரைசாணியும் தப்புப் பாட்டுக்குத்தான் ஆடினாளா? முதல் தடவை போட்டபோது முகத்தைச் சுளித்துத் துரையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது ஞாபகம் வருகிறது. இதற்குத்தான் போலிருக்கிறது. அப்புறம் அவர்களுக்கும் பழகிவிட்டது.

பஸ் முழுக்க அழுதேன். பக்கத்தில் இருந்த பொம்பளை கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

இவர் கேட்டார்: "என்ன, பாடுச்சா?" பாடுச்சு என்றேன். "அப்ப எதுக்கு மூஞ்சி இப்படி?" அடுப்பை ஊதப் போய்விட்டேன்.


நவம்பர் 17, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. இவர் பூசைக்குப் போனார். நான் போகவில்லை.

பெட்டியைச் சொருகினேன். மறுபடி அந்தக் கீச்சுக்காரி. கோபம். நிறுத்துவதற்காகத் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன். உடனே நிற்கவில்லை. இழுத்தது. குரல் கீழே இறங்கியது.

விரலை எடுத்தேன். கீச்சு. மறுபடி மெதுவாய் வைத்தேன். இறங்கியது, கனத்தது. இன்னும் கொஞ்சம்.

பிலோ.

என் தங்கச்சி. குசினியில் நிற்கிற மாதிரி. விரல் வெடிப்பில் தட்டு உரசி எரிகிறது, எரியட்டும் என்று வைத்திருந்தேன். எத்தனை தடவை போட்டேனோ.

இவர் வந்தது தெரியவில்லை. கதவில் குடையோடு நிற்கிறார். இன்று என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"புள்ள... இது நம்ம பிலோமினால்ல?"

தலையை ஆட்டினேன். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். என் விரலைப் பார்த்தார்.

"ரத்தம் வருதுடி. தள்ளு, நான் புடிக்கிறேன்."

தடித்த விரல். அழுத்திவிட்டார். பாட்டு நின்றேபோய்விட்டது.

"பாவி மனுசா, மெதுவா!" என்று கத்தினேன்.

"சரி சரி, முதல்லேருந்து வை" என்றார்.