விற்காத முயல்

ஜூன் 3

பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவருக்கு,

நலமா என்று விசாரிக்க இதை எழுதவில்லை. விசாரித்துவிட்டேன், போகட்டும்.

காரியம் இருக்கிறது. பெரிய பொம்மைக்கடைக்காரர் மறுபடி வந்தார். அடுத்த மாதத்திலிருந்து நான் தைக்கும் துணிப் பொம்மை எல்லாவற்றையும் அவரே மொத்தமாக வாங்கிக்கொள்வாராம். ஒரே நிபந்தனை, ஊரில் வேறு எந்தக் கடையிலும் என் பொம்மை இருக்கக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷமே உங்களிடம் இதைக் கேட்டார். நீங்கள் "அதெல்லாம் சரிப்படாதுங்க" என்று அனுப்பிவைத்தீர்கள். போன மாதம் அவர் வாயால் அதைக் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது, இன்னும் ஆறவில்லை. தைக்கிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஏன் என்று கேட்டதற்கும் வாயைத் திறக்காமல் பெட்டியைக் கட்டினீர்கள்.

இருபத்திரண்டு வருஷமாகக் கடை கடையாக வைத்துவிட்டு வந்தீர்கள். விற்றால் காசு, விற்காவிட்டால் பொம்மை திரும்பும், அதுவும் வாய்ப்பேச்சுதான். வீட்டில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, எல்லாம் உங்கள் மண்டைக்குள். எந்தக் கடையில் எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.

பொம்மை தைப்பவள்

ஜூன் 9

என் பொம்மைக்காரிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தம்பி மனைவி அதை ஓட்டமாக ஓடிவந்து கொடுத்தாள். திட்டுவதற்கு நடுவில் நலம் கேட்டாயே, நன்றாகவே இருக்கிறேன்.

இப்போது ஐந்து கடைதான். பேக்கரியில் நான்கு யானை, பிஸ்கட் ஜாடிக்கு மேல்தட்டில். காலையில் போகாதே, ரொட்டி வாங்கும் கூட்டத்தில் அந்த அம்மா யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார். தையல்காரரிடம் இரண்டு கரடி. ஒன்றுக்கு வெட்டுத்துணியில் அவரே கோட்டு தைத்துப் போட்டிருக்கிறார்; அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வா, ஆசையாகத் தைத்தது. நோட்டுப் புத்தகக் கடையில் மூன்று குரங்கு. கண்ணாடிக்கடையில் ஒரு யானை. மருந்துக்கடையில் ஒரு முயல்.

கண்ணாடிக்கடை ஞாபகம் இருக்கிறதா? அதுதான் நம் முதல் கடை. தலையணை உறைக்குள் ஐந்து யானையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். வாசல் வரைக்கும் வந்துவிட்டு, "எனக்குக் கூச்சமா இருக்குங்க, நீங்களே போயிட்டு வாங்க" என்று எதிர் வரிசையில் போய் நின்றுகொண்டாய். கடைக்காரர், "ஏங்க, மூக்குக்கண்ணாடி விக்கிற இடத்துல யானைக்கு என்ன வேலை?" என்றார். மேஜைமேல் கிடந்த ஒரு பழைய கண்ணாடியை எடுத்து யானைக்கு மாட்டினேன். மனிதர் சிரித்த சிரிப்பில் உள்ளே கண் சோதனைக்கு உட்கார்ந்திருந்தவர்கூட எழுந்து வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், நீ எதிர்ப்பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாமல் ஓடிவந்தேன்.

வெயிலில் அலையாதே. முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் பைக்காரன்

ஜூன் 24

பைக்காரருக்கு,

நான்கு கடையில் எடுத்தாயிற்று. கோட்டைக் கழற்றிக் கொடுத்தால் தையல்காரர் வாங்கவில்லை, "அது கரடியோடதும்மா" என்கிறார். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "பைக்காரர் எங்கம்மா?" ஊருக்குப் போயிருக்கிறார் என்று நான்கு தடவை பொய் சொன்னேன். உங்களால்தான்.

அன்று நான் சிரிக்கத்தான் செய்தேன். கண்ணீர் வரச் சிரித்தேன். இத்தனை வருஷம் சந்தேகத்தோடு இருந்தீர்களாக்கும்!

கடைசியாக மருந்துக்கடை. முயலை எடுத்துப் பையில் போட்டேன். மருந்து கொடுக்கிற அம்மா பதறிப்போய், "ஐயோ, அதை எடுக்காதீங்கம்மா!" என்றார். பின்பக்கத்து அறையில் ஒரு சின்னப் பெண், ஊசி என்றதும் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முயலை வாங்கிப்போய்க் கையில் கொடுத்தார்கள். அதன் காதைக் கடித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டாள். முடிந்ததும் அவளே கொண்டுவந்து மேஜையில் உட்காரவைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். ஊசிக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு வருஷமாக இந்த முயல்தானாம்.

அந்தக் காதைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் கறுப்பு நூல், சாக்கு மூட்டைக்குப் போடுவதுபோல் கோணல்மாணலாகத் தையல். "யார் இந்தக் கொலையைப் பண்ணினது?" என்றேன். "பைக்காரர்தான். இங்கேயே உட்கார்ந்து தைப்பார், விரலெல்லாம் குத்திக்குவார்" என்றார்.

ஆறு வருஷமாக உங்களை என்ன பாடு படுத்தினேன்! "மருந்துக்கடையில ஒண்ணுகூட விக்கலை, அங்க எதுக்கு வாராவாரம் போறீங்க" என்று. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதைக்கூடச் சொல்லத் தோன்றவில்லையா? பெரிய கடை விஷயத்தையும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. என்னதான் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பொம்மைக்காரி

ஜூலை 1

அன்புள்ள பொம்மைக்காரிக்கு,

முயலைப் பற்றிச் சொல்லியிருந்தால், கிழிந்த பொம்மை கடையில் இருக்கலாமா என்று மறுநாளே புதிதாக ஒன்று தைத்து நீட்டியிருப்பாய். அந்தப் பிள்ளைகளுக்குப் பழசுதான் வேண்டும். அவ்வளவுதான், வேறு ரகசியம் இல்லை.

பெரிய கடை விஷயம் அப்படி இல்லை. உனக்கு நல்லது என்று தெரிந்தேதான் வேண்டாம் என்றேன். சனிக்கிழமை பையோடு இறங்கினால் ஐந்து கடையிலும் எனக்கு ஒரு ஸ்டூலும் ஒரு டம்ளர் டீயும் இருக்கும். பொம்மையெல்லாம் ஒரே கடைக்குப் போய்விட்டால் நான் எங்கே போவேன்? உன்னைக் கேட்டால் சரி என்பாய் என்று பயம். அதனால் கேட்கவில்லை. நீ ஏன் என்று கேட்டபோது இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, கிளம்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்.

இங்கே எல்லோரும் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். ஒரு துரும்பை எடுத்துப்போட விடுவதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீ பெரிய கடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, யோசிக்காதே.

உன் பைக்காரன்

ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, நானே முடிவு பண்ணியதுதான். ஆனால் மருந்துக்கடை முயல் மட்டும் அங்கேயே இருக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர், "விக்காத பொம்மைதானேம்மா, இருந்துட்டுப் போகுது" என்று எழுதிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயவைத்தேன். காதைப் பிரித்துத் தைக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன், மனசு வரவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோபம் முழுசாகப் போகவில்லை. போகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனாலும் நீங்கள் அங்கே வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய கடைக்காரர் ஒன்று கேட்டார். வாராவாரம் பொம்மையைக் கொண்டுவந்து தட்டில் அடுக்கிவைக்க ஆள் வேண்டுமாம். "உங்க வீட்டுக்காரர் வருவாரா?" என்றார். வருவார் என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். "அவரைக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

அதனால்தான் கேட்கிறேன். வர்றீங்களா?

உங்கள் பொம்மைக்காரி