இரண்டாவது தோட்டா

காலையில் பேத்தியின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்பை அவிழ்த்துவிடலாம் என்று தையல் மிஷினைத் திறந்தேன். சக்கரம் இறுகிப்போயிருந்தது. எண்ணெய்ப் பாட்டிலைத் தேடி எடுத்து நாலு சொட்டு விட்டதுதான் தாமதம், நீங்கள் வந்து பக்கத்தில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. மற்ற பெண்களுக்குப் புருஷன் நினைவு விபூதி வாசனையிலோ சட்டை வாசனையிலோ வரும். எனக்கு மிஷின் எண்ணெயில் வருகிறது, என் தலையெழுத்து. அந்தப் பாட்டிலில் பாதியை நீங்கள்தானே துப்பாக்கிக்கு ஊற்றித் தீர்த்தீர்கள்.

பாவாடையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் திவ்யா ஒரு தாளோடு வந்தாள். நீங்கள் போனபிறகு நானும் அவளும் உங்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தோம். அதை இப்போது தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். சும்மா கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

அதற்கு முந்தின வாரம் இங்கே நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. ஒரு தலைவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவ்வளவுதான், ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஷட்டர் இறங்கிவிட்டது. தாம்பரத்தில் பஸ் கண்ணாடியை உடைத்தார்கள், டயரைக் கொளுத்தினார்கள். அதைவிட மோசம் இந்தப் போன். "வீடு வீடா வராங்களாம், யாரும் கதவைத் தொறக்காதீங்க" என்று எவனோ பேசியதை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மருமகன் கப்பலில் இருக்கிறார். திவ்யா கீழ்க்கட்டளையில் அந்தத் தனி வீட்டில் குழந்தையோடு, சோபாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"எனக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சும்மா. அன்னிக்கு நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ இதே மாதிரி கலாட்டா ஆச்சே, அப்பா துப்பாக்கியோட நின்னாரு. எனக்குப் பயமே இல்ல தெரியுமா? அந்தத் தைரியம் என் குழந்தைக்கும் வேணும்மா."

அவளைச் சொல்லி என்ன, இப்போது பஸ் கண்ணாடி உடைத்த அன்றைக்கு இங்கே நானும் அருவாமனையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தவள்தான். நாய் குரைத்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் துப்பாக்கி பீரோவில் இருந்தால் தேவலையே என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது. யாருக்குத் தோன்றக் கூடாதோ அவளுக்கே தோன்றியது.

அது உங்கள் அப்பா வாங்கிய துப்பாக்கி. வண்டலூர்க் காட்டிலிருந்து பன்றி இறங்கி வந்து வேர்க்கடலையைக் கிளறிப் போட்டுவிடுகிறது என்று, பயிர்க் காவலுக்காக அவருக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். நான் கல்யாணமாகி ஊரப்பாக்கம் வந்தபோது கடலை விளைந்த இடத்தில் மனைக்கல் நட்டிருந்தது. பயிரும் போய், பன்றியும் போய், துப்பாக்கி மட்டும் மிச்சம். உங்கள் பெயருக்கு மாற்றும்போது தற்காப்புக்கு என்று எழுதிக் கொடுத்தீர்கள். "யாருகிட்டேருந்துங்க காப்பு?" என்று கேட்டேன். "காலம் கெட்டுக் கெடக்குதுடி, உனக்கு இன்னா தெரியும்" என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாதுதான்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் இல்லையா, அப்போது உங்களைப் பார்க்க வேண்டுமே. பழைய போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரில் முன்னால் சாய்த்து வைத்து, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு கிளம்புவீர்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். நம் வீட்டுக்கு அடையாளமே துப்பாக்கி வீடு என்று ஆகிவிட்டது. தபால்காரர் கூட அப்படித்தான் சொல்வார்.

திவ்யா பிறந்தபிறகு நான் ஒற்றைக்காலில் நின்றேன், துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பீரோவில் இருக்கக் கூடாது என்று. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, தோட்டாவையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு பாத்ரூம் பரணில் ஏற்றினீர்கள். வெந்நீர் ஆவி அங்கேதான் போய் அடையும் என்பது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு அந்த நாள். திவ்யா அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய தலைவர் இறந்துவிட்டார் என்று மத்தியானம் செய்தி வந்தது. தாம்பரத்தில் என் ஆபீசை மூடி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ஜனங்கள் ரோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தார்கள், நானும் சேர்ந்து நடந்தேன். பெருங்களத்தூர் தாண்டும்போது செருப்பு அறுந்துவிட்டது. டயர் புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டேன்.

பைக்கில் வந்த ஒருத்தர் நிறுத்தினார். ஹெல்மெட், அதற்குள்ளே மூக்கோடு கட்டிய கைக்குட்டை.

"யக்கா, எங்க போவணும்?"

"ஊரப்பாக்கம்ப்பா."

"நானும் அந்தாண்டதான் போறேன். பயப்படாத, குந்து."

நம் தெருவில் ஒரு காக்கை குருவி இல்லை. எனக்குக் கால் கொப்பளித்து நிற்கவே முடியவில்லை. அவர்தான் இறங்கி, பூட்டியிருந்த நம் கேட்டைப் பிடித்துத் தடதடவென்று ஆட்டினார். நான் அவர் பக்கத்தில், முகம் மூடிய முந்தானையோடு நின்றேன்.

உள்ளே நடந்ததெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தெருவே துப்பாக்கி வீட்டுக்கு ஓடி வந்திருந்தது. பெண்களும் பிள்ளைகளும் உள் அறையில். நம் மனையை வாங்கி எதிரே வீடு கட்டிய ராகவன் சார் உங்கள் தோளுக்குப் பின்னாலேயே நின்று, "வராங்க சார், ரெடியா இருங்க சார்" என்று ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தெருவே உங்களை நம்பி வந்துவிட்டது. உங்களுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. பரண் ஏறி டப்பாவை இறக்கி, குழலுக்கொன்றாக இரண்டு குழலிலும் தோட்டா போட்டிருக்கிறீர்கள்.

ஜன்னல் கதவு கொஞ்சமாகத் திறந்தது. குழல் வெளியே வந்தது. ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம்தான். குழலுக்குப் பின்னால் உங்கள் முகம் தெரிந்தது. அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் சொல்கிறேன், அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. காலையில் நீங்களே இஸ்திரி போட்டுக் கொடுத்த புடவைதான் கட்டியிருந்தேன்.

டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நான் கத்தினேன். குழல் கீழே தாழ்ந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிய மனுஷர் உள்ளே வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். "இன்னா சார், துப்பாக்கியெல்லாம் வச்சிகினு பெரிய ஆளா கீறியே" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தப் புண்ணியவான் எங்கேயாவது பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கட்டும். ராகவன் சாருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தாரே, எப்படிக் கேட்கும்.

அன்றைக்கு உங்களுக்குச் சோறு போட்டேன். பிசைந்தீர்கள், சாப்பிடவில்லை. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டோடு போய்விட்டது. நம் தெருப் பக்கம் ஒருத்தன் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கதை வேறு மாதிரி முளைத்தது. "சார் ஜன்னல்ல நின்னாரு பாருங்க, ஒரு பய உள்ள வரலியே" என்று ராகவன் சார் கல்யாண வீட்டில், காது குத்தில், எங்கே பார்த்தாலும் சொன்னார். திவ்யா அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள். எல்லோரும் அதை அடக்கம் என்றார்கள்.

நான் ஒன்று கவனித்திருக்கிறேன், உங்களிடம் சொன்னதில்லை. தேர்தல் சமயத்தில் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்போதெல்லாம் குறட்டை விட்டுத் தூங்குவீர்கள். திரும்பி வந்துவிட்டால் குறட்டை நின்றுவிடும். அப்படியானால் அதை ஒரேயடியாகக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன். கொடுத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு வாய் இல்லை. அதற்கும் பயம்.

கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் சொன்னீர்கள். நான் இட்லியைப் பாலில் ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு மொத தோட்டாதான் நமுத்துப் போயிருந்திச்சு."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"எல்லாம் அடங்கினப்புறம் ஏரிக்கரைக்குப் போயி ரெண்டாவது குழலைச் சுட்டுப் பாத்தேன்டி. அது நல்ல தோட்டா. கொக்கெல்லாம் எழும்பிப் பறந்திச்சு. அன்னிக்கு ஜன்னல்ல என் வெரலு அந்த ரெண்டாவது விசைமேலதான் இருந்திச்சு. நீ மட்டும் கத்தலைன்னா..."

"சாப்பிடுங்க" என்றேன். அத்தனை வருஷமும் டப்பாவில் இருந்தது எல்லாமே நமுத்துப்போனவை, எப்படியும் வெடித்திருக்காது என்று சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தேறுதலையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து, நடந்து முடிந்த ஒன்றுக்காக உடம்பெல்லாம் நடுங்கினேன்.

இப்போது சொல்லுங்கள், திவ்யாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த அப்பா போய்விடுவார். அவளுக்கு மிச்சமிருப்பதே அந்த அப்பாதான். சொல்லாவிட்டால் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். கதவுக்குப் பின்னால் அவள் நடுங்கிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு உங்கள் கை, உங்கள் கண். வெளியே யார் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும். பால்காரராக இருக்கலாம். கப்பலிலிருந்து சொல்லாமல் வந்த மருமகனாக இருக்கலாம். நானாக இருக்கலாம்.

அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. டிக்கென்ற சத்தத்தையும் சொன்னேன், ஏரிக்கரைக் கொக்கையும் சொன்னேன்.

அவள் தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். "அப்பாவுக்குப் பயமா இருந்துச்சாம்மா?" என்றாள்.

"தெருவுல இருந்த எல்லாரையும் விட."

"உனக்கு அவர்மேல கோவமே வரலியா?"

"கோவம் வரலடி. பயம்தான் வந்துச்சு. அது இன்னும் போகல."

சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அதனாலதான் நீ தெரு முனையிலேருந்தே குரல் குடுத்துட்டு வருவியா? 'நாந்தாங்க, நாந்தாங்க'ன்னு? அம்மாவுக்கு அப்பாமேல எவ்வளவு ஆசை பாருன்னு உன்னை எத்தனை கிண்டல் பண்ணியிருக்கேன்..." தோள் குலுங்க அழுதாள். உங்களுக்காக அழுதாளா, எனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

தாளை அவளே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். துப்பாக்கி ஸ்டேஷனோடு போகட்டும், எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, "அடுத்த தடவை கலாட்டா வந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டாள். "பயப்படுவே. நானும் இங்க பயந்துட்டுதான் இருப்பேன். போன் போடு, ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்" என்றேன். அழுகையோடு சிரித்தாள்.

நேற்று மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். கேட்டில் நான் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை, நீங்கள் இல்லை, துப்பாக்கி இல்லை. எல்லாம் தெரியும். ஆனாலும் பூட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"நாந்தாங்க."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம்தான் சாவியைப் போட்டேன்.