கண்ணாடிக்கு ஒரு கூடு

மார்ச் 3, திங்கள்

காலையில் கண்ணாடியைத் தேடியே அரை மணி நேரம் போனது. கடைசியில் பைக்குள், சாவிக்கொத்துக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

"அதுக்குன்னு ஒரு கூடு குடுத்தாங்களே, எங்க?" என்றாள் மனைவி.

கூட்டில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன். சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் பல் டாக்டரம்மாவின் துண்டுப் பிரசுரம் பிழை பார்க்க வந்தது. உள்ளங்கை அகலத் தாள், ஐந்தே வரி, இரண்டாயிரம் பிரதி. வலது கண்ணாடியில் ஒரே மூட்டம். சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தேன், இன்னும் மோசம். இருபத்தாறு வருடமாக இந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறேன் – ஐந்து வரிக்கு என்ன பெரிய பார்வை! கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மானம் போயிற்று.

"உங்கள் பல் பிரச்சினைகள் அனைத்துக்கும் ஒரே இடத்தில் தீர்வு." இப்படி வந்திருக்க வேண்டும். பல்லுக்குப் புள்ளி இல்லை. "உங்கள் பல பிரச்சினைகள் அனைத்துக்கும்" என்று ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. முதுகுவலிக்காரர் வந்தாராம். தூக்கம் வராதவர் வந்தாராம். டாக்டரம்மா போனில் பொரிந்து தள்ளினார்: "ஒரு அம்மா, மருமகளோட சண்டைன்னு வந்து உக்காந்திருக்காங்க சார். நான் பல்லைப் புடுங்கவா, பஞ்சாயத்து பண்ணவா?"

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கண்ணைக் காட்டிட்டு வாங்கண்ணே. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்புறம் என்ன பேசுவார்? போதும், வீட்ல இருங்கன்னா? புள்ளி இருக்கா இல்லையான்னு கூடத் தெரியலன்னா எனக்கு அங்க என்ன வேலை? வேற என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 11, செவ்வாய்

கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துப் பலகையை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு என் கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்தார். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது.

"உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல சார். பவர் கூட மாறல. இது வழியா பார்த்தா எனக்கே தலை சுத்துது. வீட்டுல எப்படி வைப்பீங்க?"

மேசை மேல் வைத்துக் காட்டினேன். கண்ணாடி மேசையில் படும்படி, கவிழ்த்து. குழந்தையைக் கீழே போட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சட்டையில துடைப்பீங்களா?"

"ம்."

"அதுல இருக்கற தூசிதான் சார் உப்புத்தாள். நீங்களே தேய்ச்சிருக்கீங்க. முதல்ல தண்ணில அலசணும், அப்புறம் இந்த மெத்துத் துணியால ஒத்தி எடுக்கணும். கழட்டும்போது ரெண்டு கை. கழட்டின கையோட கூட்டுக்குள்ள. அதுல வேற எதையும் போடக் கூடாது."

குண்டூசி விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது?

அதே சட்டத்தில் புதுக் கண்ணாடி பொருத்த வியாழன் ஆகும் என்றார். கொடுத்துவிட்டு, வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒருவர் ஒதுங்கிப் போனார்.

மார்ச் 12, புதன்

கண்ணாடி இல்லாத நாள். டீயில் உப்பு.

மார்ச் 13, வியாழன்

முதலாளி மீசைக்குச் சாயம் போடுகிறார்! இத்தனை நாள் தெரியாது.

அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "கண்ணுல கோளாறு இல்ல தம்பி. என் அலட்சியம்தான்."

மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப நாற்காலி உங்களோடதுதான். ஆனா டாக்டரம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

மார்ச் 14, வெள்ளி

போனேன். தலையைக் குனிந்துகொண்டு மொத்தக் கதையையும் சொன்னேன், குண்டூசி உட்பட. டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்த சத்தம் கேட்டது.

"வந்தவங்கள்ல பதினோரு பேருக்கு நிஜமாவே சொத்தைப்பல் சார். அந்த மருமகள் சண்டைக்காரம்மாவுக்கு ரெண்டு." பிறகு ஒரு கட்டுப் பிரசுரத்தை என் மடியில் வைத்தார். "மிச்சம் எண்ணூறு இருக்கு. திரும்ப அடிக்க வேணாம். புள்ளிதானே, வெச்சுக் குடுங்க."

மார்ச் 15, சனி

சாப்பாட்டு மேசையில் நானும் மனைவியும் ஆளுக்கொரு கறுப்புப் பேனாவோடு உட்கார்ந்தோம். மதியத்துக்குள் பாதி முடிந்தது. அவள் முடித்த தாள்களை எடுத்துச் சரிபார்த்தேன். பாதித் தாள்களுக்கு மேல் புள்ளி 'ல'வை விட்டு 'ப' தலையில் உட்கார்ந்திருக்கிறது. 'ப்ல' என்று யாரால் வாசிக்க முடியும்?

நிமிர்ந்து பார்த்தால், தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்குகிறாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"ஒரு வீட்டுல ஒரு கண்ணாடி படற பாடு போதாதா?"

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. இருபத்தாறு வருஷமா அடுத்தவன் எழுத்துல குறை தேடறவன். பக்கத்துல இருக்கறவளைப் பாக்கலையே.

மார்ச் 22, சனி

அவளுக்குக் கண்ணாடி வந்தது. கூடத்தில் உட்கார்ந்து, பச்சைக் கூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்து மாட்டிக்கொண்டாள். மருந்துச் சீட்டை வாசித்தாள். மின்சார ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தை வாசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கிட்ட வாங்க."

போனேன்.

"இன்னும் கிட்ட. ஏங்க, சிரிச்சா உங்களுக்குக் கண்ணோரம் இத்தனை கோடு விழுமா?"

"ரொம்ப நாளா விழுதே."

விரல் வைத்து எண்ணினாள். இடது பக்கம் ஏழு. வலது பக்கம் தொடங்கும்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. நான் நகரப் போனேன்.

"போனா போகட்டும், அசையாதீங்க" என்றாள்.