அந்த மாத்திரைப் புட்டிகளை இனி அனுப்பாதே

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் மனைவி செவ்வாய்க்கிழமை காலை நம் மாட்டுத் தீவனக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சரிந்துவிட்டாள். இப்போது அவளும் நலம், வயிற்றில் இருப்பதும் நலம், அதை முதலில் சொல்லிவிட்டேன். எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பு ஏதோ ஓடுகிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். நான் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்து கை கால் ஓய்ந்துபோனது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தீவன மூட்டை ஒன்று கிழிந்து வந்ததற்கு வேன்காரனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள், பேசிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். "அண்ணி பேச்சை நிறுத்தினாங்கன்னாலே ஏதோ தப்புன்னு தெரிஞ்சுபோச்சு" என்று அவன் ஓடிவந்து தாங்கியிருக்கிறான், இல்லாவிட்டால் தராசின் மேல்தான் விழுந்திருப்பாள். அவன் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி, மிச்ச லோடை யார் இறக்குவது என்பது.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, மாத்திரை சாப்பிடறியா இல்ல ஜன்னல் வழியா போடறியா என்று கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று இவள் சத்தியம் செய்தாள். வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னதும் உன் அம்மா ஒரு பை நிறைய எடுத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அதோடு நீ அங்கிருந்து அனுப்பிய சத்து மாத்திரைப் புட்டிகள். எப்படிச் சாப்பிடுவாய் என்று கேட்டால், கடைக்கு நேரமாகுதுன்னு எல்லாத்தையும் ஒரே வாயில போட்டு டீ குடிச்சிடுவேன் என்கிறாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாதாம், டீயும் அப்படித்தான். உன் புட்டிகளிலும் கால்சியம், துத்தநாகம் என்று ஏதேதோ கலந்திருக்கிறது, ஒரு புட்டியில் இருப்பதில் பாதி மற்றொன்றிலும் இருக்கிறதாம். இத்தனை நாள் விழுங்கிய இரும்பில் பெரும்பகுதி வீண். ரத்தம் இவ்வளவு குறைவா இருந்தா பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்கமாட்டா, பிள்ளை எடை குறையலாம், நாளுக்கு முந்தியே பிறந்துடலாம் என்றார். பிரஷரும் லேசாக ஏறியிருக்கிறது, அதையும் வாராவாரம் பார்க்க வேண்டும்.

சினை மாட்டுக்குத் தாது உப்பை வாரிக் கொட்டாதே, அளவு முக்கியம் என்று கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் ஓயாமல் சொல்கிறேன், என் வீட்டுக்குள் கவனிக்கவில்லையே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். படுக்கையில் கிடந்தவள், நான் என்ன உங்க வாடிக்கையாளர் வீட்டு மாடா மாமா என்று முறைத்தாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். ஆனால் ஏன் அத்தனையையும் விழுங்கினாய் என்று நான் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் வீடியோவுல தினமும் சாப்பிட்டியான்னு கேக்கறாரு, பொய் சொல்ல வாய் வரல, கூட இருக்க வேண்டியவர் புட்டியா அனுப்பிட்டிருக்காரு, அதையாவது சாப்பிடுவோம்னுதான் என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இனி அவள் இரும்பு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடும், கால்சியத்தை மதியம் சாப்பிட்ட பிறகும் எடுப்பாள், டீ இரண்டுக்கும் தள்ளி. கீரை, முட்டை, பயறு உன் அம்மா பொறுப்பு. அது போதாது, நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. உன் மனைவிக்கு ஊசி என்றாலே உதறல், மாட்டவே மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். எத்தனை வியாபாரிகளை மடக்கியிருக்கிறேன், இவளிடம் அரைநாள் தொண்டை வற்றப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளே வழிக்கு வந்தாள், ஆனால் தன் நிபந்தனையோடு. உன்னைக் கேட்காமலே உனக்காக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், என் வாக்கு இந்தச் சந்தையில் இதுவரை தவறியதில்லை.

நீ நீண்ட நாள் நல்லபடி வாழ வேண்டும், உன் பிள்ளை நிறை எடையோடு உன் கைக்கு வர வேண்டும். புட்டி எதுவும் இனி அனுப்பாதே. விடுப்புக்கு இன்றே எழுதிக் கொடு, முதலாளி முறைத்தால் முறைக்கட்டும், வேறு வேலை கிடைக்கும்.

பேசி முடித்தது இதுதான்: திங்கட்கிழமை அவள் ஊசிக்குக் கை நீட்டுவாள், பிரசவம் முடியும்வரை கல்லாவில் உட்காரமாட்டாள். பதிலுக்கு, அவளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கும்போது நீ அவள் பக்கத்தில் இருப்பாய், பிள்ளை பிறந்து அவள் எழுந்து நடக்கும்வரை திரும்பமாட்டாய்.

இப்படிக்கு,
உன் அப்பா