பிரஷர் பரீட்சை

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் பொய் எழுத மனசு வரவில்லை. போனில் வாயெடுத்தால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிட்டோம், வெறுங்கையோடு. பிள்ளை போனது அவள் உடம்புக்குத் தெரியவில்லை பார், பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, ஈரத்துணியை வைத்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மணிச்சத்தம் அவளை எழுப்பிவிடும் என்று அப்பா வாசல் மணியின் பேட்டரியைக் கழற்றிவைத்தார், இப்போது துக்கம் கேட்க வருகிறவர்கள் கதவையே தட்டி உடைக்கிறார்கள்.

அவளைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு மார்க் குறைந்தால் சாப்பிடமாட்டாள். கர்ப்பத்தில் வந்த பிரஷரையும் பரீட்சையாகவே நினைத்துவிட்டாள். மற்ற நாளில் பிள்ளைக்கு ஆகாது என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவாள், செக்கப் நெருங்கினால் மட்டும் ஒழுங்காகப் போடுவாள். வீட்டில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், தலைவலி உண்டா என்று நர்ஸ் கேட்டால் இல்லவே இல்லை என்பாள். பாஸாயிட்டேம்மா என்று சிரித்துக்கொண்டே வருவாள், நாங்களும் சிரித்தோம். நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கிற ஏதோ புரதங்களை அளந்தால், சிக்கல் வரப்போகிறதா என்று முன்கூட்டியே ஓரளவு தெரியுமாம், அதைப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, நார்மலாத்தானே இருக்கு, எதுக்கு இன்னொரு ஊசி என்று தட்டிக்கழித்துவிட்டாள். பார்த்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று கேட்டேன். உறுதியா சொல்லமுடியாதும்மா, ஆனா வீட்டுக்கு அனுப்பாம எங்ககூடவே வெச்சுப் பார்த்திருப்போம் என்றார். 

உனக்கும் பிரஷர் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அக்கா பயந்துபோவாள் என்று மறைத்தாயாம், பெரிய கெட்டிக்காரி. நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பாஸாக வேண்டாம்னு சொல்லும்மா என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

அதனால் தங்கமே, தலைவலி, கண் மங்கல், வீக்கம் எதையும் டாக்டரிடம் மறைக்காதே, மாத்திரையை விடாதே, அந்த ரத்தப் பரிசோதனை உனக்கும் வேண்டுமா என்று நீயே கேள். நல்லபடியாகப் பெற்றெடுத்து, பிள்ளையும் நீயுமாக இந்த வீட்டுக்கு வந்து சேரவேண்டும்.

ரிசல்ட் எப்படி வந்தாலும் முதலில் அக்காவுக்குச் சொல். நேற்றிலிருந்து போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா